ஐஸ் தொட்டியும் பச்சைத் தண்ணீரும்

குளிர்ந்த நீர் ஹார்மோன்களை உசுப்புமா? நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுமா? சென்னை உடம்புக்கும் சென்னைத் தண்ணீருக்கும் அந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும்?

முதலில் ஒரு கணக்கு. 300 லிட்டர் தண்ணீர் நிரப்பிய தொட்டி. தண்ணீர் குழாயில் வந்தது, 28 டிகிரி. அதை 14 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 45 கிலோ ஐஸ் கொட்ட வேண்டும். 10 டிகிரி வேண்டுமென்றால் 60 கிலோ. இத்தனையும் கொட்டிய பிறகு, இறங்குகிறவர் உள்ளே இருக்கப்போவது இரண்டு நிமிடம், மிஞ்சினால் ஐந்து நிமிடம்.

விளையாட்டு வீரர்களின் ஓய்வறையோடு நின்றிருந்த ஐஸ் குளியல் இப்போது ஜிம்முக்கு வந்துவிட்டது, ரீல்ஸுக்கு வந்துவிட்டது, அடையாறு அடுக்குமாடி வீட்டு மொட்டை மாடிக்கும் ஏறிவிட்டது. கழுத்தளவு ஐஸில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்தபடி பேசுகிறவர்கள் தரும் வாக்குறுதிகள் மூன்று. மனச்சோர்வு போகும், கொழுப்பு கரையும், சளி காய்ச்சல் அண்டாது. ‘ஹார்மோன் எல்லாம் செட் ஆகிடும்’ என்பது கூடுதல் இனாம்.

இதில் பாதி மெய். உடம்பு குளிருக்குப் பதில் சொல்கிறது, அதுவும் பலமாகவே சொல்கிறது. அந்தப் பதிலை ஆரோக்கியம் என்று எழுதிக் கொடுப்பதற்கான ஆதாரம்தான் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. வந்த ஆதாரத்திலும் பெரும்பகுதி பிராகா, பின்லாந்து, நெதர்லாந்து உடம்புகளில் எடுத்தது.

முதல் ஒரு நிமிடம்

தோலுக்கு அடியில் முடியும் நரம்பு நுனிகளில் குளிரை உணர்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. பெயர் டிஆர்பிஎம்8. 2002-இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூடியன் ஆகிய இருவரின் ஆய்வுக்கூடங்களும் தனித்தனியே இதை அடையாளம் கண்டன. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்று கண்டறிந்ததற்காக 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். வெப்பம் 25–28 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது இந்தப் புரதம் விழித்துக்கொள்கிறது. மென்தால் பட்டாலும் விழித்துக்கொள்ளும். அமிர்தாஞ்சனைத் தடவினால் நெற்றி சில்லிடுகிறதே, அங்கே சூடு குறையவே இல்லை. அதிலுள்ள மென்தால், குளிர் வந்துவிட்டதாக மூளைக்குத் தந்தி அடிக்கிறது.

ஒருவர் திடீரென்று குளிர்நீரில் இறங்கும்போது இந்தத் தந்தி தோல் முழுவதிலிருந்தும் ஒரே நொடியில் போகிறது. மூச்சு வெடுக்கென்று உள்ளே இழுபடும். பிறகு அடக்க முடியாமல் வேகமாக வாங்கும். நாடி எகிறும். தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்க, ரத்த அழுத்தம் ஏறும். இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறார்கள். முதல் அரை நிமிடத்தில் உச்சம் தொட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கும். இதைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருபவர் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக் டிப்டன். குளிர்நீரில் விழுந்து இறப்பவர்களில் பலரை உறைந்துபோதல் கொல்வதில்லை, இந்த முதல் சில நிமிடங்களே கொல்கின்றன என்பது அவருடைய ஆய்வுகள் அழுத்திச் சொல்லும் பாடம்.

தண்ணீர் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம், அது காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவதுதான். அசையாமல் தண்ணீரில் இருக்கும் உடம்புக்கு 33–35 டிகிரிதான் சமநிலை. அதனால்தான் 25 டிகிரிக் காற்றில் சுகமாக உலாவும் நாம் 25 டிகிரித் தண்ணீர் தோளில் பட்டதும் சிலிர்க்கிறோம்.

பிராகா போட்ட கணக்கு

‘டோபமைன் 250 சதவீதம் கூடும்’ என்று ரீல்ஸில் ஓடும் எண் எங்கிருந்து வந்தது? செக் நாட்டின் பிராகாவிலிருந்து. ஷ்ராமெக்கும் அவருடைய சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் இளைஞர்களைக் கழுத்தளவு நீரில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். 32, 20, 14 டிகிரி என்று மூன்று வகை நீர்.

14 டிகிரியில், உடம்பை உசுப்பும் நார்அட்ரினலின் ரத்தத்தில் 530 சதவீதம் கூடியது, அதாவது ஆறு மடங்குக்கு மேல். டோபமைன் 250 சதவீதம் கூடியது. வளர்சிதை மாற்ற வேகம் 350 சதவீதம் ஏறியது. பயந்தால் பாயும் அட்ரினலினோ அசையவே இல்லை. மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் கூடுவதற்குப் பதில் சற்றே குறையப் பார்த்தது.

ரீல்ஸ் சொல்லாமல் விடும் இரண்டு விவரங்கள் உண்டு. ஒன்று, அவர்கள் இருந்தது ஒரு மணி நேரம். இரண்டு நிமிடக் குளியலுக்கு அதே எண்ணை ஒட்டிவிட முடியாது. இன்னொன்று சென்னைக்காரர்களுக்கு முக்கியமானது. 20 டிகிரி நீரில் வளர்சிதை மாற்றம் 93 சதவீதம் கூடினாலும், இதயத் துடிப்பும் கார்டிசோலும் 32 டிகிரி இளஞ்சூட்டு நீரில் குறைந்ததைப் போலவே குறைந்தன. நம் குழாய்த் தண்ணீரின் இடம் இந்த 20-க்கும் 32-க்கும் நடுவே. ஜனவரியில் சென்னையின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலையே ஏறத்தாழ 21 டிகிரிதான். கோடையிலோ மொட்டை மாடி டாங்கில் நின்று கொதித்த தண்ணீரில் மத்தியானம் கை வைக்க முடியாது. பிராகாவின் எண்கள் சென்னைக் குளியலறைக்கு வருவதற்கு வழியே இல்லை, ஐஸ் கொட்டினால் தவிர.

தினமும் செய்தால் பழகிவிடாதா? பின்லாந்தில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பார்த்தது. ஒரு குழுப் பெண்கள் 0–2 டிகிரி நீரில் 20 வினாடி இறங்கினார்கள். இன்னொரு குழு மைனஸ் 110 டிகிரிக் குளிர் அறையில் இரண்டு நிமிடம் நின்றது. வாரம் மூன்று முறை, 12 வாரம். ஒவ்வொரு முறையும் நார்அட்ரினலின் இரண்டு மூன்று மடங்கு ஏறியது, பன்னிரண்டாவது வாரத்திலும் ஏறியது. கார்டிசோலோ நாலாவது வாரத்திலிருந்து தணிந்தது. குளித்து வந்ததும் ஒரு தெளிவு, ஒரு சுறுசுறுப்பு, வலி மறந்த மாதிரி இருக்கிறது என்று பலர் சொல்வதற்கு இந்த நார்அட்ரினலின் ஒரு நல்ல விளக்கம்.

தைராய்டு கதை வேறு. கருப்பையின் கதகதப்பிலிருந்து பிரசவ அறைக் குளிருக்கு வரும் சிசுவுக்கு, பிறந்த அரை மணிக்குள் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் தாறுமாறாக ஏறும். குளிரும் அதற்கு ஒரு காரணம். பச்சிளங்குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்துச் செய்யும் தைராய்டு சோதனைக்கு இரண்டு மூன்று நாள் பொறுத்திருப்பதும் இதனால்தான். வளர்ந்தவர்களிடம் இந்த ஏற்றம் இல்லை. அதே 12 வாரப் பயிற்சி எடுத்த பின்லாந்துப் பெண்களுக்கு டிஎஸ்எச், தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ‘ஐஸ் குளியலில் தைராய்டு சரியாகும்’ என்று யாராவது சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

சளி அண்டாதா?

அதிகம் விற்கிற வாக்குறுதி இதுதான். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் பெரிய ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது, 2016-இல் வெளியானது. 3,018 பேர் கலந்துகொண்டார்கள். வெந்நீர்க் குளியலின் கடைசியில் 30, 60 அல்லது 90 வினாடி குளிர்நீரில் நிற்க வேண்டும், 30 நாள் தொடர்ந்து. முடிவில், உடம்பு சரியில்லை என்று வேலைக்குப் போகாமல் இருந்தது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்கள் குறையவில்லை. சளி வழக்கம்போல வந்தது. வந்தும் எழுந்து ஆபீஸ் போனார்கள். 30 வினாடி நின்றவருக்கும் 90 வினாடி நின்றவருக்கும் பலனில் வித்தியாசம் இல்லை.

இரண்டாவது ஆதாரம், குளிர்ப் பயிற்சிக்குப் பேர்போன ‘ஐஸ் மனிதர்’ விம் ஹாஃப். நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் அவருடைய முறையில் பயிற்சி பெற்ற 12 பேருக்கும் பெறாத 12 பேருக்கும் பாக்டீரியா நச்சை ஊசியில் ஏற்றினார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு அட்ரினலின் கூடுதலாகச் சுரந்தது, அழற்சி குறைவாக இருந்தது, காய்ச்சலும் குறைவு. உண்மையிலேயே வியக்க வைத்த முடிவு. ஆனால் அந்தப் பயிற்சியில் வேக மூச்சு, தியானம், குளிர் மூன்றும் சேர்ந்திருந்தன. 2022-இல் அதே பல்கலைக்கழகம் பிரித்துப் பார்த்தபோது வேலையைப் பெரும்பாலும் செய்தது மூச்சுப் பயிற்சிதான் என்று தெரிந்தது. குளிர்ப் பயிற்சி அதன் பலனைக் கூட்டியது. தனியாக விட்டபோது குளிர் எதையும் பெரிதாகச் சாதிக்கவில்லை.

‘குளிர்நீரில் இறங்கினால் வெள்ளையணுக்கள் கூடுகின்றன’ என்கிறார்களே? கூடுகின்றனதான். வெள்ளையணுக்களில் ஒரு பகுதி ரத்தக் குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். நார்அட்ரினலின் பாய்ந்ததும் அவை கழன்று ஓட்டத்தில் கலக்கின்றன. பாண்டி பஜார் ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சவாரிக்குக் கிளம்பினால் சாலையில் ஆட்டோ கூடித் தெரியும். ஊரில் ஆட்டோ எண்ணிக்கை கூடியதாக ஆகாது. பிராகாவில் வாரம் மூன்று முறை, 14 டிகிரியில் ஒரு மணி நேரம் என்று ஆறு வாரம் செய்துபார்த்தபோதும் எதிர்ப்பு அணுக்களில் கண்ட மாற்றம் சிறிய அளவுதான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 11 ஆய்வுகளை, 3,177 பேரின் விவரங்களைத் தொகுத்து 2025-இல் வெளியிட்ட முடிவும் கிட்டத்தட்ட இதுவே. குளியல் முடிந்த உடனேயும் ஒரு மணி நேரம் கழித்தும் அழற்சி கூடியிருந்தது. மன அழுத்தம் 12 மணி நேரம் கழித்துக் குறைந்திருந்தது. எதிர்ப்பு சக்தி கையோடு கூடியதற்கு அடையாளம் இல்லை.

எதிர்ப்பக்கம் நிற்கிற பாட்டிகளையும் கேட்க வேண்டும். ‘ஈரத்தலையோட நிக்காதே, சளி பிடிக்கும்’ என்று மயிலாப்பூர் வீடுகளில் மூன்று தலைமுறை கேட்ட எச்சரிக்கை வெறும் பயமா? வைரஸ் இல்லாமல் சளி வராது, உண்மை. ஆனால் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 2005-இல் வெளியான ஆய்வில் 90 பேர் 10 டிகிரி நீரில் 20 நிமிடம் காலை வைத்திருந்தார்கள், இன்னொரு 90 பேர் வெறும் தொட்டியில் காலை வைத்திருந்தார்கள். அடுத்த நாலைந்து நாளில் முதல் குழுவில் 13 பேரும் இரண்டாவது குழுவில் 5 பேரும் சளித் தொல்லை சொன்னார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்த வைரஸுக்கு, மூக்கின் ரத்தக் குழாய்கள் சுருங்கியது வசதியாகப் போயிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2015-இல் எலியின் மூச்சுக்குழாய் அணுக்களை வைத்துக் காட்டியதும் இந்தப் பக்கமே சாய்கிறது. 37 டிகிரியில் மூக்கு வைரஸை அடக்கிய தற்காப்பு 33 டிகிரியில் தளர்ந்துபோனது. பாட்டிக்கு முழு மதிப்பெண் இல்லை, ஆனால் பெயிலும் இல்லை.

மார்கழியும் மாலையும்

குளிர்ந்த நீரை ஒழுக்கமாக மாற்றிக்கொண்ட வழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய மார்கழி பஜனை மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றிவந்த காலத்திலிருந்து, விடியுமுன் தலைக்கு ஊற்றிக்கொண்டு கிளம்புவது அங்கே சாதாரணம். கார்த்திகை முதல் தேதி மாலை போடும் ஐயப்ப பக்தர் மண்டல விரதமாக 41 நாள், காலையும் மாலையும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். முதல் இரண்டு நாள் சொம்பை ஊற்றும்போது வாய் தானாகச் சரணம் சொல்லும். ஒரு வாரத்தில் அந்த நடுக்கம் போய்விடும்.

அதற்கான காரணத்தை டிப்டன் குழு அளந்து சொல்லியிருக்கிறது. ஐந்தாறு முறை, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் குளிர்நீரில் இறங்கினாலே குளிர் அதிர்ச்சி ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தின் ஒரு பகுதி 14 மாதம் கழித்தும் உடம்பில் தங்கியிருக்கிறது. ஒரு வருஷம் மாலை போட்டவருக்கு அடுத்த கார்த்திகை அவ்வளவு கடினமாகத் தெரியாமல் போவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ஆனால் நம் மரபு குளிரை மட்டுமே தூக்கிப் பிடித்ததும் இல்லை. எண்ணெய் தேய்த்தால் வெந்நீர்தான். சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியும் அதையே சொல்கிறது. எந்த நீர், யாருக்கு, எப்போது என்ற கேள்வி எப்போதும் கூடவே இருந்தது. அரும்பாக்கத்தில் இருக்கும் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி நீர் சிகிச்சையைப் பாடமாகவே நடத்துகிறது. காந்தி விரும்பிச் செய்த இடுப்புக் குளியலில் உடம்பின் ஒரு பகுதிக்குத்தான் குளிர் படும்.

குளிர் தாங்குவதை நம் நாட்டில் அறிவியலாக அளந்தவர்களும் உண்டு. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் விஞ்ஞானி டபிள்யூ. செல்வமூர்த்தி குழு, ஆறு மாதம் யோகா செய்தவர்களையும் உடற்பயிற்சி செய்தவர்களையும் 10 டிகிரிக் குளிரில் வைத்துப் பார்த்து 1988-இல் முடிவை வெளியிட்டது. யோகா செய்தவர்களுக்கு நடுக்கம் தாமதமாகத் தொடங்கியது.

நம் உடம்பு வேறு

குளிரில் உடம்பு சூடு உண்டாக்க இரண்டு வழி. ஒன்று நடுக்கம். மற்றொன்று கழுத்தைச் சுற்றியும் காறை எலும்புக்கு மேலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பு. சேமித்து வைக்கும் வெள்ளைக் கொழுப்பு போல் அல்லாமல் இது கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்துச் சூடாக்கும். நார்அட்ரினலின்தான் இதற்குத் தீக்குச்சி. வளர்ந்தவர்களிடமும் இது வேலை செய்கிறது என்பதை 2009-இல் ஒரே இதழில் வந்த மூன்று ஆய்வுகள் உறுதிசெய்தன. பிறகு நெதர்லாந்தில் டைப் 2 சர்க்கரை நோயாளிகள் எட்டுப் பேர் பத்து நாள், தினமும் ஆறு மணி நேரம் வரை 14–15 டிகிரி அறையில் இருந்தார்கள். இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறன் ஏறத்தாழ 43 சதவீதம் கூடியது. 2015-இல் வந்த இந்த முடிவு சிறியது, ஆனால் கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சென்னை கோபாலபுரத்தின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் (ஐசிஎம்ஆர்) நடத்திய ஆய்வு 2023-இல் சொன்னது.

அப்படியானால் நாமும் குளிர் அறைக்குப் போகலாமே? கொஞ்சம் பொறுக்க வேண்டும். நெதர்லாந்தின் லைடனில் 2014-இல் ஒல்லியான, ஆரோக்கியமான இளைஞர்களை ஒப்பிட்டார்கள். தெற்காசிய வம்சாவளியினர் 12 பேர், வெள்ளையர் 12 பேர். தெற்காசியர்களிடம் பழுப்புக் கொழுப்பின் அளவு 34 சதவீதம் குறைவு. அவர்களுக்கு நடுக்கமும் இரண்டு டிகிரி முன்னதாகவே தொடங்கிவிட்டது. அடுப்பே சிறிதாக இருந்தால் அதே குளிரில் அதே பலன் கிடைக்குமா என்பது திறந்த கேள்வி.

குளிர் சம்பந்தமான ஒரு முடிவு ஊர் மாறினால் தலைகீழாகவும் ஆகலாம் என்பதற்குச் சென்னையே சாட்சி. பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட சிசுவை 33–34 டிகிரிக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருப்பது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் ஏழு மருத்துவமனைகளில், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் உட்பட, 408 சிசுக்களிடம் இது சோதிக்கப்பட்டது. 2021-இல் வெளியான முடிவில், குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்திருந்தார்கள். ஐஸ் குளியலுக்கும் இதற்கும் நேரடி உறவில்லை. அங்கே காத்தது இங்கேயும் காக்கும் என்று சோதிக்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

ஐஸ் மருந்தாகும் இடம்

சென்னைக்கு ஒரு காலத்தில் ஐஸ் கப்பலில் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை ஃபிரெடெரிக் டியூடர் இங்கே அனுப்பினார். அதைச் சேமிக்க 1842-இல் கடற்கரையோரம் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். வெள்ளைக்காரர்களின் மேசைக்கு மட்டுமல்ல, காய்ச்சல்காரர்களின் தலைக்கும் அந்த ஐஸ் போனது.

உடம்பின் சூட்டை இறக்கத்தான் ஐஸ் என்ற அந்தப் பழைய உபயோகம்தான் இன்றும் சந்தேகமே இல்லாத உபயோகம். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ‘டை’ ஆன டெஸ்டில், வெயிலில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 ரன் எடுத்த ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் நிலைகுலைந்து திரும்பினார். அவரை ஐஸ் குளியலில் கிடத்தி, பிறகு மருத்துவமனையில் சலைன் ஏற்றினார்கள். உடல் உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் முதலில் குளிர்நீரில் அமிழ்த்திச் சூட்டை இறக்கு, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோ என்பதே இன்றைய விளையாட்டு மருத்துவத்தின் விதி. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே 2024-இல் தமிழக அரசு அறிவித்துவிட்டது. வேனிலில் பள்ளி மைதானத்திலும் காவலர் தேர்வு ஓட்டத்திலும் ஒரு பெரிய தொட்டித் தண்ணீரும் ஐஸும் தயாராக இருந்தால் அது உயிர் காக்கும்.

யார் தள்ளி நிற்க வேண்டும்?

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய நோய் அல்லது சீரற்ற இதயத் துடிப்பு உள்ளவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகிறவர்கள் ஐஸ் தொட்டிப் பக்கம் போவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரையால் பாத நரம்பு மரத்தவருக்குக் குளிரின் கெடுதல் தெரியவே தெரியாது. குளிர்நீரில் முகத்தையும் சேர்த்து முக்கினால் ஆபத்து இரட்டிப்பு. குளிர் அதிர்ச்சி இதயத்தை ஓடச் சொல்லும், முகத்தில் பட்ட நீர் மெதுவாகப் போகச் சொல்லும். இந்த இழுபறியில் துடிப்பு தடுமாறலாம். வேக மூச்சுப் பயிற்சியைத் தண்ணீருக்குள் செய்யவே கூடாது, மயங்கினால் மூழ்குவதுதான் முடிவு. தசை வளர்க்க எடை தூக்குகிறவர்களுக்கும் ஒரு தகவல் உண்டு. பயிற்சி முடிந்த கையோடு 10 டிகிரி நீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு 12 வாரத்தில் தசை வளர்ச்சி குறைவாகவே இருந்தது என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஆரோக்கியமானவர் செய்துபார்க்க ஆசைப்பட்டால் ஐஸ் வாங்க வேண்டியதில்லை. ஹீட்டரை அணைத்துவிட்டு, காலில் தொடங்கி, தொடை, கை, தோள் என்று ஏறி, கடைசி 30 வினாடி பச்சைத் தண்ணீர் போதும். நெதர்லாந்து ஆய்விலும் பலன் தர அந்த அரை நிமிடமே போதுமாக இருந்தது. காலையில் சோம்பல் முறியும், அலுவலகத்துக்கு லீவு போடுவது குறையலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் ஆய்வு இங்கே நடக்க வேண்டும். கோபாலபுரத்தில் சர்க்கரை நோயை அளக்கிறவர்கள் இருக்கிறார்கள். அரும்பாக்கத்தில் நீர் சிகிச்சை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் கார்த்திகையில் ஆயிரக்கணக்கானோர் யாரும் சொல்லாமலே 41 நாள் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள். மாலை போடுமுன் ஒரு முறை, இறக்கிய பின் ஒரு முறை அவர்களின் ரத்தத்தையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்துப் பார்க்கலாம். விரதத்தில் உணவும் பழக்கமும் மாறுவதால், அதே உணவோடு வெந்நீரில் குளிக்கும் ஒரு குழுவையும் கூடவே ஒப்பிட வேண்டும். 25 டிகிரித் தண்ணீர் தமிழ் உடம்புக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்குப் பிராகாவிலிருந்து பதில் வராது.